ஆலந்தூர் டிப்போவில் ஒரு கதிரியக்கப் பெட்டி! சென்னைக் காற்றைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

கீழடியில் கிடைத்த கரித்துண்டுகளின் வயதைச் சொன்னது எது? கார்பன்-14. இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும். அதே கார்பன்-14தான் இன்று காலை சென்னைக் காற்றில் எவ்வளவு தூசு மிதந்தது என்பதையும் சொல்கிறது, தெரியுமா?

ஆலந்தூர் பஸ் டிப்போ, மணலி, வேளச்சேரி, கொடுங்கையூர், அரும்பாக்கம், பெருங்குடி, ராயபுரம்... ஊரில் அங்கங்கே ஏ.சி. போட்ட சின்ன அறைகள் நிற்கின்றன. கூரைக்கு மேலே மூடி போட்ட குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் டீ குடிப்பவர்கள்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். உள்ளே நடப்பதோ அசல் அணு இயற்பியல்! குழாய் உறிஞ்சும் காற்று ஒரு காகித நாடாவின் வழியாகப் போகும். மணிக்கு ஒரு முறை நாடாவில் தூசு வட்டமாகப் படியும். அந்த வட்டத்தின் ஒரு பக்கம் துளியூண்டு கார்பன்-14, மறுபக்கம் ஒரு கருவி. கார்பனிலிருந்து கிளம்பும் பீட்டா கதிர்கள் தூசைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும். தூசு அதிகமானால் வந்து சேரும் கதிர் குறையும். அந்தக் குறைவை எடையாக மாற்றினால் நீங்கள் செல்போனில் பார்க்கும் பி.எம். 2.5, அதாவது நுண்தூசுக் கணக்கு தயார். நாட்டின் தானியங்கி நிலையங்களில் பெரும்பாலானவை தூசை எடை போடுவது இப்படித்தான். டிப்போ பக்கம் போகப் பயந்துவிடாதீர்கள், உள்ளே இருக்கும் கதிரியக்கம் மிக மிகச் சொற்பம்.

இன்னொரு வேடிக்கை. இந்தக் கருவிகள் நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் காற்றை இழுக்கின்றன. ஒரு நாளைக்கு 24 கன மீட்டர். நீங்களும் நானும் நாள் முழுக்க மூச்சு விட்டாலும் சுமார் 11 கன மீட்டர்தான் இழுப்போம். நம்மைவிட இரண்டு மடங்கு மூச்சு வாங்குகிறது அந்தப் பெட்டி!

ஆனால் அது மூச்சு வாங்கும் இடம் எது? விதிப்படி குழாயின் வாய் தரையிலிருந்து 3 முதல் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். லாரி, கார், ஸ்கூட்டர் எதுவானாலும் சைலன்சர் பெரும்பாலும் முழங்கால் உயரத்தில். ஸ்கூட்டரில் அப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டு போகும் பிள்ளையின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்று அடுத்த சிக்னலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதைக் கருவியின் குறை என்று சொல்ல மாட்டேன். ஊரின் பொதுவான காற்றை அளக்கத்தான் அது வைக்கப்பட்டிருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து ‘இதுதான் நான் சுவாசித்தது’ என்று நாம் எடுத்துக்கொள்வதுதான் தப்பு.

எண் என்றதும் அடுத்த ஆச்சரியம். காற்றுத் தரக் குறியீடு, அதாவது ஏ.க்யூ.ஐ., எல்லா மாசுகளின் சராசரி என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? இல்லவே இல்லை! ரிப்போர்ட் கார்டில் எல்லாப் பாடத்தையும் விட்டுவிட்டு எதில் படுமோசமோ அந்த மார்க்கை மட்டும் எடுத்து நெற்றியில் ஒட்டுவது போலத்தான் அது. இந்தியாவில் 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்தக் குறியீட்டில் 8 மாசுகள் இருக்கின்றன. இரண்டு அளவு தூசு, நைட்ரஜன் டை ஆக்சைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அமோனியா, ஈயம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் போட்டு, எது பெரிதோ அதுவே குறியீட்டு எண். குறைந்தது 3 மாசுகளாவது அளந்திருக்க வேண்டும், அதில் ஒன்று தூசாக இருக்க வேண்டும். மற்ற ஏழும் எப்படி இருந்தன என்பது அந்த ஒற்றை எண்ணில் தெரியவே தெரியாது.

இது போதாதென்று நேரக் கணக்கு வேறு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தினமும் மாலை 4 மணிக்கு வெளியிடும் எண், அதற்கு முந்தைய 24 மணி நேரத்தைக் கலந்து கட்டியது. காலை எட்டரைக்குக் கத்திப்பாராவில் ஊர்ந்த வண்டிகளின் புகையும், நள்ளிரவு இரண்டு மணிக்குக் காலியாகக் கிடந்த அதே ரோட்டின் காற்றும் ஒரே கணக்கில் கரைந்து போகும். ‘திருப்தி’ என்று வந்த நாளில் உங்களுக்குத் தொண்டை கரகரத்தால் அதில் முரண்பாடு எதுவும் இல்லை!

இன்னும் கேளுங்கள். ஒரே காற்றை இந்தியக் கணக்கும் அமெரிக்கக் கணக்கும் எப்படி எடை போடுகின்றன? ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் நுண்தூசு என்று வைத்துக்கொள்வோம். நம் கணக்கில் அது 100, ‘திருப்தி’யின் கடைசிப் படி. அமெரிக்கக் கணக்கில் 150ஐத் தாண்டிவிடும், ‘உடல்நலத்துக்குக் கேடு’ வகையில் விழும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி ஒரு நாளுக்கு 15க்கு மேல் கூடாது என்கிறது. நம் 60 அதற்கு 4 மடங்கு. சென்னையில் இது ஏட்டளவு வித்தியாசமாக இல்லை. ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகமும் ஒரு நுண்தூசு கருவி வைத்துத் தன் எண்ணை வெளியிட்டுக்கொண்டிருந்தது. ஒரு செயலி அமெரிக்கப் படிக்கட்டிலும் இன்னொன்று இந்தியப் படிக்கட்டிலும் எண்ணைக் காட்ட, ஃபேமிலி வாட்ஸ்அப் குழுக்களில் ‘எது உண்மை?’ என்று சண்டை நடக்கும். இரண்டும் உண்மை! 2025 மார்ச்சில் அமெரிக்கா உலகெங்கும் தன் தூதரகங்களின் காற்றுக் கணக்கை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. பெய்ஜிங்கில் இதே போன்ற தூதரகக் கருவி 2010இல் ஒரு நாள் 500ஐத் தாண்டி ஓடியபோது, அதன் ட்விட்டர் கணக்கில் தானாகவே ‘கிரேஸி பேட்’ என்று விழுந்தது தெரியுமா? படிக்கட்டு 500இல் முடிந்துவிடும், அதற்கு மேல் என்ன நடந்துவிடப் போகிறது என்று நினைத்து யாரோ விளையாட்டாக எழுதி வைத்திருந்த வாசகம்! நம் இந்தியப் படிக்கட்டும் 500இல்தான் முடிகிறது.

இனி நம் ஊர்ப் பெருமைக்கு வருவோம். டில்லி 400, சென்னை 80 என்று ஸ்கிரீன்ஷாட் போட்டுக் காலரைத் தூக்கிவிடாத சென்னைக்காரர் உண்டா? அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு யாருடைய உழைப்பு தெரியுமா? வங்கக் கடலுடையது! காற்றின் மாசு, எவ்வளவு புகை விட்டோம் என்பதை மட்டும் பொறுத்ததல்ல. விட்ட புகை கலப்பதற்கு மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். நல்ல வெயிலில் தரை சூடாகி, காற்று ஒரு கிலோமீட்டருக்கு மேலேயும் எழும்பிக் கலக்கும். மார்கழி விடியற்காலையில் தரை குளிர்ந்து கிடக்கும், மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டுவிடும். கலக்கும் உயரம் 1,500 மீட்டரிலிருந்து 300 ஆகச் சுருங்கியது என்றால் அதே வண்டிகள், அதே புகை, ஆனால் மாசு 5 மடங்கு! டில்லிக்குக் குளிர்காலம் முழுக்க இந்த மூடி. நமக்கோ மதியம் ஆனால் கடற்காற்று வந்து கூட்டிப் பெருக்கிவிடும். அந்த மார்க்கை நாம் வாங்கியதாகச் சொல்லிக்கொள்வது கொஞ்சம் அதிகம். கடல் கைவிட்ட நாளில் என்ன ஆகும் என்பதை 2018 போகிப் பண்டிகை காட்டியது. விடியலில் எரித்த பழைய பாயும் டயரும் அசையாத காற்றும் பனியும் சேர்ந்து, மீனம்பாக்கத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் திருப்பி விடப்பட்டன. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர்கள் வேறு ஊரில் இறங்கினார்கள்!

தானியங்கி நிலையங்கள் வருவதற்கு முன்பிருந்தே, இன்றும்கூட, இன்னொரு வகை அளவீடு ஓசையில்லாமல் நடக்கிறது. தியாகராய நகர், கீழ்ப்பாக்கம், அண்ணா நகர், அடையாறு போன்ற இடங்களில் ஆள் வைத்து அளக்கும் கருவிகள். வாரத்துக்கு 2 நாள், வருடத்துக்கு 104 நாள் அளந்தால் போதும் என்பது தேசிய விதி. மீதி 261 நாட்கள்? காற்றுக்கு விடுமுறை! அந்த அளவீட்டைக் கிட்டத்தில் நின்று பார்த்தால் பூஜை செய்வது கெட்டது. வட்டமான வெள்ளை வடிதாள் ஒன்று, கையால் தொடவே கூடாது, இடுக்கிதான். ஈரப்பதமும் வெப்பமும் மாறாத அறையில் ஒரு நாள் வைத்திருந்து, ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டும் தராசில் எடை போடுவார்கள். பிறகு கருவியில் பொருத்தி 24 மணி நேரம் காற்றைச் செலுத்தி, திரும்ப அதே அறை, அதே காத்திருப்பு, அதே தராசு. வெள்ளைத் தாள் சாம்பல் நிறத்தில் திரும்பி வரும். கூடியிருக்கும் எடை எவ்வளவு தெரியுமா? அந்த 60 மைக்ரோகிராம் நாளில் வெறும் ஒன்றரை மில்லிகிராமுக்குள்! சென்னையின் பிசுபிசுப்பில் தாள் கொஞ்சம் ஈரத்தைக் குடித்துவிட்டாலே கணக்கு கெட்டுவிடும், அதனால்தான் அத்தனை ஆசாரம்.

அந்தச் சாம்பல் வட்டம் ஒரு குற்றவாளிக் கூண்டு! அதை வேதியியல் ஆய்வுக்கு அனுப்பினால் யார் யார் வந்து போனார்கள் என்று ஒவ்வொருவராகக் காட்டிக்கொடுத்துவிடும். அலுமினியமும் சிலிக்கனும் இருந்தால் ரோட்டுப் புழுதி. பொட்டாசியம் தூக்கலாக இருந்தால் எங்கோ விறகோ குப்பையோ எரிந்திருக்கிறது. வனேடியமும் நிக்கலும் கப்பல் எண்ணெயின் அடையாளம், துறைமுக ஊருக்கு இது முக்கியம். துத்தநாகம் டயர் தேய்மானம். செம்பு, ஆன்டிமனி, பேரியம் மூன்றும் சேர்ந்து வந்தால் யாரோ பிரேக் அடித்திருக்கிறார்கள். கரும் கார்பன் என்றால் டீசல் பக்கம் கை நீளும். சோடியமும் குளோரைடும்? அது கடல் உப்பு! ஆமாம், அலையில் தெறித்துக் காய்ந்த உப்பும் தூசுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது, கடலோரச் சென்னையின் தூசில் ஒரு பங்கு மெரினாவின் உபயம். சென்னை, டில்லி, மும்பை, பெங்களூரு, புனே, கான்பூர் என்ற 6 நகரங்களில் மத்திய வாரியம் நடத்திய பெரிய ஆய்வு இந்த முறையில்தான் நடந்தது. சென்னைப் பங்கைச் செய்தது ஐ.ஐ.டி. மெட்ராஸ்.

சரி, ஊரில் ஏழெட்டு தானியங்கி நிலையம் இருக்கிறது, போதாதா? போதவே போதாது என்று சொன்னது யார் தெரியுமா? கூகுள் கார்! அமெரிக்காவின் ஓக்லாண்டில் தெருக்களைப் படம் எடுக்கும் கூகுள் கார்களில் காற்றுக் கருவிகளை ஏற்றி 2015–16இல் ஒரு வருடம் சந்து சந்தாக ஓட்டினார்கள். ஜோஷுவா ஆப்தே குழு 2017இல் வெளியிட்ட முடிவு: ஒரே தெருத் துண்டுக்குள்ளேயே மாசு 5 முதல் 8 மடங்கு வரை மாறுகிறது! முனை வீட்டுக்காரருக்கும் நடு வீட்டுக்காரருக்கும் ஒரே பின்கோடு, வேறு வேறு காற்று. ஐ.ஐ.டி. மெட்ராஸில் ‘காற்று’ என்றே பெயர் வைத்த திட்டமும் இதே யோசனைதான். மலிவான சின்னக் கருவிகளை ஓடும் வண்டிகளில் கட்டி, வண்டி போகும் இடமெல்லாம் அளப்பது.

மலிவுக் கருவிகளை வாங்கி வீட்டு பால்கனியில் மாட்டுகிறவர்கள் இப்போது அதிகம். அவர்களுக்கு ஒரு சேதி. அதற்குள் இருப்பது ஒரு லேசர் விளக்கு. துகள் மேல் பட்டுச் சிதறும் ஒளியை எண்ணி எடையை அது ஊகிக்கிறது. பனிக்கால விடியலில் தண்ணீரைக் குடித்து ஊதிய துகளையும் அது பெரிய தூசு என்று எண்ணிவிடும். கருவி கத்துவது சில சமயம் புகையைப் பார்த்து அல்ல, ஈரத்தைப் பார்த்து!

இப்போது சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் நடைபாதையை மாற்றினாலும் ஆச்சரியப்பட மாட்டேன். தங்கசாலைத் தெரு போல வடக்கு தெற்காக ஓடும், இரண்டு பக்கமும் உயரமான கட்டடங்கள் கொண்ட தெரு. மதியம் கடற்காற்று கிழக்கிலிருந்து நன்றாக வீசுகிறது. எந்தப் பக்க நடைபாதையில் புகை குறைவு? கடல் இருக்கும் கிழக்குப் பக்கம் என்றுதானே சொல்வீர்கள்? நேர் எதிர்! மொட்டைமாடிகளுக்கு மேலே வரும் காற்று மேற்குப் பக்கக் கட்டடத்தில் மோதி, சுவரோடு கீழே இறங்கி, தரையில் திரும்பிக் கிழக்கு நோக்கி உருளும். உருளும் வழியில் வண்டிப் புகையை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்க் கிழக்குப் பக்க நடைபாதையில் கொட்டும். மேற்குப் பக்கத்தில் நிற்பவருக்கு மாடிக்கு மேலிருந்து வந்த காற்று, எதிர்ச் சாரியில் நிற்பவருக்குப் புகை. இரண்டு பேருக்கும் நடுவே சில அடி தூரம்தான். கட்டடங்களின் உயரமும் காற்றின் திசையும் மாறினால் கதை மாறும், ஆனாலும் காற்று தெருவுக்குக் குறுக்கே வீசும் இடங்களில் உலகம் முழுக்கக் கண்ட விஷயம் இது.

ஓசோன் இன்னும் பெரிய குறும்புக்காரன். எந்த வண்டிச் சைலன்சரிலிருந்தும் அது நேரடியாக வருவதில்லை. வண்டி விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் எரியாத பெட்ரோல் ஆவியும் வெயிலில் வெந்து அதை உண்டாக்குகின்றன. அப்படியானால் நெரிசலான ரோட்டில்தானே ஓசோன் அதிகம் இருக்க வேண்டும்? அங்கேதான் குறைவு! புதுப் புகையில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனை அங்கேயே தின்றுவிடுகிறது. தப்பித்த புகை ஊருக்கு வெளியே, மரம் செடி சூழ்ந்த ‘சுத்தமான’ புறநகரில் போய் ஓசோனாகப் பழுக்கிறது. சில நகரங்களில் லாரி ஓடாத ஞாயிற்றுக்கிழமை ஓசோன் ஏறவும் செய்கிறது!

வண்டிப் புகையிலிருந்து ஓசோன் உண்டாவதைக் கண்டுபிடித்தவர் அன்னாசிப் பழ ஆராய்ச்சியாளர் என்றால் நம்புவீர்களா? லாஸ் ஏஞ்சலிஸில் 1943 ஜூலையில் ஒரு நாள் கண் எரிச்சலோடு புகைமூட்டம் இறங்கியது. உலகப் போர்க் காலம் ஆயிற்றே, ஜப்பான் விஷவாயு வீசிவிட்டது என்று மக்கள் கதிகலங்கினார்கள். ஏரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சுக்கார வேதியியலாளர் அப்போது கால்டெக்கில் அன்னாசியின் மணம் எந்தெந்த ரசாயனத்தால் வருகிறது என்று பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு அதே கருவிகளால் ஊர்க் காற்றையும் பிரித்துப் பார்த்தார். வண்டிப் புகையும் வெயிலும் சேர்ந்து ஓசோன் உண்டாகிறது என்று அவர் சொன்னபோது எண்ணெய்க் கம்பெனிகள் சீறின. அந்தக் காலத்தில் ஓசோனை அளந்த கருவி என்ன தெரியுமா? வளைத்துக் கட்டிய ரப்பர் துண்டு! ஓசோன் பட்டால் ரப்பர் வெடிக்கும். வெடிப்பு எவ்வளவு ஆழமோ அவ்வளவு ஓசோன். அந்த ஊரில் கார் டயர்கள் சீக்கிரமே வெடிப்பு விட்டதற்கும் அதுவே காரணம். ரப்பரை மறந்துவிடாதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது.

புகையை அளந்த முதல் கருவிகளில் ஒன்று வெறும் காகிதம். 1888 வாக்கில் பாரிஸில் மாக்சிமிலியன் ரிங்கெல்மான் வெள்ளை அட்டையில் கறுப்புக் கோடுகளைக் கட்டம் கட்டமாக இழுத்தார். அட்டையைத் தூரத்தில் பிடித்தால் கோடுகள் கலந்து சாம்பல் நிறமாகத் தெரியும், புகைபோக்கிப் புகை அதில் எந்த நிறத்துக்குப் பொருந்துகிறது என்று பார்க்க வேண்டியதுதான். நூற்று முப்பது வருடம் கழித்து நம் பெட்ரோல் பங்க் ஓரம் நிற்கும் எமிஷன் டெஸ்ட் வேனில் என்ன நடக்கிறது? டீசல் வண்டியை நியூட்ரலில் போட்டு ஆக்சிலேட்டரை ஓங்கி மிதித்து, வரும் புகை ஒரு ஒளிக்கற்றையை எவ்வளவு மறைக்கிறது என்று பார்க்கிறார்கள். அடிப்படையில் ரிங்கெல்மான் அட்டையின் கொள்ளுப்பேரன்! பெட்ரோல் வண்டியானால் ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும். சரி, எல்லோரும் பயப்படுகிற பி.எம். 2.5? நைட்ரஜன் டை ஆக்சைடு? அந்தச் சோதனையில் அவை இரண்டும் கிடையவே கிடையாது, தெரியுமா? கையில் சர்டிபிகேட் இல்லாவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சர்டிபிகேட்டிலோ இன்றைய முக்கியக் குற்றவாளிகளின் பெயரே இல்லை.

ஐட்லிங்கில் அளப்பதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. வண்டி புகை விடுவது நிற்கும்போது அல்ல, ஏற்றத்திலும் சிக்னல் பச்சைக்கு மாறிய நொடியிலும். அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஸ்டெட்மன் 1980களின் இறுதியில் ஒரு தந்திரம் செய்தார். ரோட்டின் குறுக்கே, சைலன்சர் உயரத்தில், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கற்றை. வண்டி அதைக் கடந்து போகும் ஒரு நொடிக்குள் பின்னால் வரும் புகை அளக்கப்பட்டுவிடும், கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துவிடும். ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. முடிவு? மொத்தக் கார்பன் மோனாக்சைடில் ஏறக்குறைய பாதியை விட்டது சுமார் 10 சதவீத வண்டிகள்! பராமரிக்காத, கெட்டுப்போன சில வண்டிகள் ஊரையே மூச்சு முட்ட வைக்கின்றன. எல்லா வண்டிக்கும் வரிசையாகச் சீட்டு கிழிப்பதைவிட இந்தப் பத்தைப் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சோதனைக் கூடத்தை ஏமாற்றிய கதையில் நம் ஊர்ப் பெயரும் உண்டு! மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சின்னக் குழு. சென்னையில் பொறியியல் படித்துவிட்டுப் போன அரவிந்த் திருவேங்கடம், பெங்களூர்க்காரர் ஹேமந்த் கப்பன்னா, இன்னும் சிலர். டீசல் கார்களின் டிக்கியில் கருவிகளையும் ஜெனரேட்டரையும் கட்டி, சைலன்சரில் குழாய் மாட்டி, கலிஃபோர்னியா ரோடுகளில் நிஜமாகவே ஓட்டிப் பார்த்தார்கள். ஃபோக்ஸ்வாகன் ஜெட்டா சில ஓட்டங்களில் அனுமதித்த அளவைவிட 35 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு விட்டது. அதே கார் சோதனைக் கூடத்தில் தங்கக் கம்பி! ஸ்டீயரிங் திரும்பாமல் சக்கரம் மட்டும் சுழன்றால் ‘இது சோதனை’ என்று புரிந்துகொண்டு ஒழுங்காக நடக்கும்படி காரின் மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. 2015 செப்டம்பரில் குட்டு உடைந்தது. உலகம் முழுக்க 1.1 கோடிக் கார்கள்!

பக்கத்துத் தெருப் பால் பூத்துக்குக் காரில் போகிறீர்களா? காரின் கேட்டலிடிக் கன்வெர்டர் வேலை செய்ய 250, 300 டிகிரி சூடு வேண்டும். முதல் சில நிமிடங்கள் அது தூங்குகிறது, விஷம் வடிகட்டப்படாமலே வெளியே போகிறது. அது சூடேறுவதற்குள் நீங்கள் பால் வாங்கித் திரும்பியிருப்பீர்கள்! அதற்குள் இருப்பது பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். தேய்ந்து உதிரும் துகள்கள் ரோட்டுப் புழுதியில் கிடக்கின்றன, நாம் நடப்பது பிளாட்டினத் தூள்மேல். இந்தக் கன்வெர்டருக்கு ஈயமும் கந்தகமும் ஆகாது. 1995இல் சென்னை உட்பட 4 பெருநகரங்களில்தான் முதலில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது, 2000இல் நாடு முழுக்க. டீசலில் கந்தகம் 1990களின் நடுவில் பத்து லட்சத்துக்கு 10,000 பங்கு இருந்தது, 2020 ஏப்ரல் 1இல் பி.எஸ். 6 வந்தபோது 10. ஆயிரத்தில் ஒரு பங்கு! அதற்காக பி.எஸ். 5 என்ற படியையே தாண்டிக் குதித்தோம். நம் ஊரில் திட்டமிட்டபடி நடந்த விஷயங்களைத் தேடிப் பட்டியல் போட்டால் இதை முதல் வரியில் எழுதலாம்.

காற்றை அளக்க மின்சாரம்கூட வேண்டாம். செட்டிநாட்டுக் குழம்பில் போடும் கல்பாசி தெரியும்தானே? அது பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் ஒரு லைக்கன். வேர் கிடையாது, வேண்டியதை எல்லாம் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும், விஷத்தையும் சேர்த்து. அந்த இனத்தில் பல சல்ஃபர் டை ஆக்சைடு பட்டாலே செத்துப்போகும். 1866இலேயே வில்லியம் நைலாண்டர் பாரிஸில் லக்ஸம்பர்க் தோட்டத்தில் லைக்கன்கள் செழித்திருப்பதையும் நகரின் மற்ற இடங்களில் இல்லாததையும் கவனித்து, இவை காற்றின் சுத்தத்தைக் காட்டுகின்றன என்று எழுதிவிட்டார். லண்டனில் 2016 மார்ச்சில் 10 புறாக்களின் முதுகில் குட்டிக் கருவிகளைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். விளம்பரம்தான், ஆனால் ஊரே பேசியது. பிரிட்டனில் விளக்குக் கம்பங்களில் விரல் நீளப் பிளாஸ்டிக் குழாய்களைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். மூடிக்குள் இருக்கும் ரசாயனம் ஒரு மாதம் நைட்ரஜன் டை ஆக்சைடை உறிஞ்சும். பிறகு ஆய்வகத்துக்கு. அவ்வளவுதான், பள்ளிப் பிள்ளைகளே செய்யலாம்.

விண்வெளியிலிருந்து? சுமார் 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் எந்த நாட்டுக்கு என்றைக்கு வார விடுமுறை என்று சொல்லிவிடும்! 2003இல் வெளியான ஆய்வு ஒன்றில் ஐரோப்பா, அமெரிக்க நகரங்கள் மேல் ஞாயிற்றுக்கிழமை நைட்ரஜன் டை ஆக்சைடு குறைந்தது. இஸ்ரேலில் சனிக்கிழமை, அரபு நகரங்களில் வெள்ளிக்கிழமை. அந்தக் காலச் சீனாவில் மட்டும் எந்தக் கிழமையும் குறையவில்லை.

இப்போது அந்த ரப்பர். மின்சார வண்டிக்குச் சைலன்சரே இல்லை, அப்புறம் என்ன மாசு என்பவர்களுக்கு: பிரேக்கும் டயரும் தேயத்தானே செய்கின்றன! மின்சார வண்டி வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே பாதி வேலையைப் பார்த்துக்கொள்வதால் பிரேக் தூசு குறைவு, ஆனால் பேட்டரி பாரம் டயரில் ஏறுகிறது. ஐரோப்பாவின் யூரோ 7 விதிதான் உலகிலேயே முதன்முதலாகப் பிரேக் தூசுக்கு வரம்பு கட்டியது. டயர் ரப்பரை ஓசோன் வெடிக்க வைக்கும் என்று பார்த்தோமல்லவா? அதைத் தடுக்க டயருக்குள் ஒரு ரசாயனம் கலக்கிறார்கள். ஓசோன் வந்தால் ரப்பருக்குப் பதில் அது முன்னால் போய் அடி வாங்கும். அடி வாங்கியதும் வேறொரு பொருளாக மாறும். அமெரிக்காவில் சியாட்டில் பக்கத்து ஓடைகளில் முட்டையிட வரும் கோஹோ சால்மன் மீன்கள் மழை பெய்த கையோடு கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்த மர்மம் பல வருடங்கள் அவிழவில்லை. 2020 கடைசியில் விடை வந்தது. ரோட்டில் தேய்ந்த டயர்த் தூளிலிருந்து மழைநீரில் கரைந்து ஓடைக்கு வந்த அதே மாறிய பொருள்தான் கொலையாளி! அந்த ரசாயனம் இன்றும் உலகம் முழுக்க ஓடும் டயர்களில் இருக்கிறது, சென்னை ஏ.க்யூ.ஐ.யின் 8 மாசுகளில் அது இல்லை.